ரயில் நுவரெலியாவுக்கும் வரவேண்டும்

கோப்பியையும் தேயிலையையும் இறக்கத்தான் வெள்ளையர் ரயிலை மலையேற்றினார்கள். 1885இல் நானுஓயா வந்த பாதை 1924இல் பதுளையைத் தொட்டது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை குறுகிய பாதையொன்றும் 1904இல் வந்தது. 1948இல் அதை மூடிவிட்டார்கள். இன்று மாவட்டத்தின் தலைநகரான நுவரெலியாவுக்கு ரயில் கிடையாது.

நுவரெலியாவுக்குக் கிளினிக் போகும் தோட்டத்துத் தாய் கைக்குழந்தையோடு நானுஓயாவில் இறங்கி, மழையில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறாள். பஸ் வராவிட்டால் ஆட்டோ; நாட்சம்பளக்காரருக்கு அது கட்டுப்படியாகுமா? வீதியும் ஆபத்தானது; ரதெல்ல குறுக்குவீதிச் சரிவில் 2023 ஜனவரியில் நடந்த விபத்தில் 7 உயிர்கள் போனதை மலையகம் மறக்கவில்லை.

2025 நவம்பரில் டித்வா புயல் மலையகப் பாதையைச் சிதைத்தது. உல்லாசப் பயணிகளை மட்டும் மனதில் வைத்து அதைச் சீரமைத்தால் போதாது. கொட்டகலை, தலவாக்கலை, வட்டகொடைப் பிள்ளைகள் பாடசாலை நேரத்துக்குப் போய்வர, ஹட்டனுக்கும் நானுஓயாவுக்கும் இடையே காலையும் மாலையும் ரயில் பஸ் ஓடவேண்டும். இதற்குப் புதுத் தண்டவாளம் வேண்டியதில்லை, மனம் வேண்டும்.

இராகலைப் பாதையை, முதலில் நுவரெலியா வரையாவது, மீட்க முடியுமா என்று அரசு முறையாக ஆராயட்டும். பழைய தடத்தில் குடியிருப்போர் இருந்தால், மாற்று வீடு கொடுக்காமல் கைவைக்கக்கூடாது. அதுவரை ஒவ்வொரு ரயிலுக்கும் ஓர் இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ் நானுஓயா நிலைய வாசலில் நிற்கட்டும்.