கரும்புக்கு நடுவே கற்குவியல்

மொரீஷியஸுக்குத் தேனிலவு போகிறவர்களின் பேக்கேஜில் தென்மேற்குச் சுற்று என்று ஒருநாள் தவறாமல் இருக்கும். காலையில் விடுதி வாசலுக்கு வேன் வரும். க்யூர்பிப் ஊரின் பழைய எரிமலை வாய், கங்கா தலாவ் ஏரி, பிளாக் ரிவர் பள்ளத்தாக்கு, ஷமரேல் அருவி, பக்கத்திலேயே ஏழு வண்ண மண், கடைசியாக லெ மோர்ன் மலையடிவாரத்துக் கடற்கரை. இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். இதைக் கைபடாத இயற்கை என்று சொல்லித்தான் விற்கிறார்கள். ஆனால் அந்த வேனின் ஜன்னலில் தெரிவதில் பெரும்பகுதி மனிதர் கைபட்டது. அந்தக் கைகளில் கணிசமானவை நம் பக்கத்திலிருந்து போனவை.

முதலில் கரும்பைப் பார்ப்போம். அந்தத் தீவுக்குப் பூர்வகுடி என்று யாரும் கிடையாது. 1598-இல் இறங்கிய டச்சுக்காரர்கள் 1638-இல் குடியேறினார்கள். கருங்காலி மரங்களை வெட்டி ஏற்றினார்கள். ஜாவாவிலிருந்து மானையும் கரும்பையும் கொண்டுவந்தார்கள். 1710-இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் காலத்தில்தான் டோடோ பறவையின் கதையும் முடிந்தது. பின்னால் வந்த பிரெஞ்சுக்காரர்களும், 1810-இல் அவர்களிடமிருந்து தீவைப் பிடித்த ஆங்கிலேயர்களும் கரும்பைத் தீவெங்கும் பரப்பினார்கள்.

போகிற வழியில் கரும்பு வயல்களின் நடுவே கோயில் மதில் இடிந்து கிடப்பதுபோல் கரும்பாறைக் குவியல்கள் தெரியும். சில ஆள் உயரம், சில வீட்டு உயரம். பலர் எரிமலை கக்கியது என்று நினைத்துப் படம் எடுக்கிறார்கள். கல் எரிமலையுடையதுதான், குவியல் எரிமலையுடையதல்ல. லாவா உறைந்த நிலத்தில் மண்ணைவிடக் கல்லே அதிகம். ஒரு கரணை ஊன்ற வேண்டுமென்றால் முதலில் கல்லைப் பெயர்த்து எடுக்க வேண்டும். இயந்திரம் வருவதற்கு முன் அதைக் கையால் பெயர்த்து, தலையில் சுமந்து, வயல் நடுவே அடுக்கினார்கள். மடகாஸ்கர், மொசாம்பிக்கிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள், அவர்களோடு அடிமைகளாகவே போன இந்தியர்கள், பிறகு ஒப்பந்தக் கூலிகள். அருகில் போய்ப் பாருங்கள்: ஓரத்தில் பெரிய கற்களை ஒழுங்காகச் சுவர்போல் கட்டி, உள்ளே சில்லுகளைக் கொட்டியிருப்பார்கள். சரிந்துவிட்டால் மறுபடி அடுக்க வேண்டுமே! என்னைக் கேட்டால் ஏழு வண்ண மண்ணைவிட இதற்குத்தான் வேனை நிறுத்த வேண்டும்.

பிளாக் ரிவர் பள்ளத்தாக்கு 1994-இல் தேசியப் பூங்கா ஆனது. பார்வை மேடையில் நின்றால் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை. அந்தப் பச்சையிலும் வெளியூர்க்காரர்கள் நிறைய. தீவின் நல்ல நிலையிலுள்ள சொந்தக் காடு இன்று மொத்தப் பரப்பில் 2 சதவீதத்துக்கும் குறைவு. சாலையோரத்தில் சிவப்பாகக் கொத்துக் கொத்தாகத் தொங்கும் சீனக் கொய்யாவைப் பறித்து உப்பு மிளகாய் தொட்டுச் சாப்பிடுவது அங்கே ஒரு பருவகால சந்தோஷம். பிரேசிலிலிருந்து வந்த செடி அது. அடர்ந்து வளர்ந்து கருங்காலிக் கன்றுகளைத் தலைதூக்க விடுவதில்லை. பூங்காக்காரர்கள் காட்டில் கட்டங்கட்டமாக வேலியிட்டு அதை வெட்டிக்கொண்டே இருக்கிறார்கள். 1974-இல் காட்டில் நான்கே நான்கு என்று எண்ணப்பட்ட மொரீஷியஸ் வல்லூறு பிழைத்து எழுந்ததும் இதே காடுகளில், மனிதர் முயற்சியால்தான்.

ஷமரேல் மண்ணில் மாயம் ஒன்றுமில்லை. எரிமலைப் பாறை மழையில் மக்கி, கரையக்கூடியதெல்லாம் கரைந்துபோக, மிஞ்சியது இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள். இரும்பு சிவப்பும் பழுப்பும், அலுமினியம் நீலமும் ஊதாவும் காட்டுகின்றன என்பது வழக்கமான விளக்கம். அதேபோல் லெ மோர்ன் அருகே 'கடலடி அருவி' என்று சுற்றும் படத்தை நம்பிக் கரையிலிருந்து தேடாதீர்கள். பவளத்திட்டைத் தாண்டி மணல் ஆழத்துக்குச் சரிவதை வானத்திலிருந்து பார்த்தால் வரும் தோற்றம் அது. ஹெலிகாப்டருக்குத் தனிக் கட்டணம்.

கங்கா தலாவில் நம்மவர்கள் உருகிவிடுவார்கள். 33 மீட்டர் சிவன் சிலை, ஏரிக்கரைச் சன்னதிகள், விபூதி வாசம். சிவன் தலையிலிருந்து கங்கைத்துளி சிந்திய கதையை வழிகாட்டி சொல்வார். அதைக் கேட்டு ஏதோ புராண காலத்துத் தலம் என்று நினைத்துவிட வேண்டாம். எரிமலை வாயில் தேங்கிய இந்த ஏரிக்கு யாத்திரை தொடங்கியது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில். கங்கையிலிருந்து கடல் கடந்து வந்த கரும்புத் தோட்டத்து மக்கள், திரும்பிப்போக வழியில்லாத நிலையில், தங்களுக்கென்று ஒரு கங்கையை ஏற்படுத்திக்கொண்டார்கள். 1972-இல் இந்தியாவிலிருந்து கங்கை நீர் கொண்டுவந்து இதில் கலந்தார்கள். சிவராத்திரிக்கு லட்சக்கணக்கானோர் தீவின் மூலைமுடுக்கிலிருந்து காவடி சுமந்து நடந்தே வருகிறார்கள். தலத்தின் வயது குறைவென்பதால் பெருமை குறைந்துவிடாது. கூடுகிறது என்றே சொல்வேன்.

லெ மோர்ன் 556 மீட்டர் உயரப் பாறை. தப்பியோடிய அடிமைகள் அதன் உச்சியிலும் குகைகளிலும் பதுங்கி வாழ்ந்தார்கள். 1835 பிப்ரவரியில் விடுதலைச் செய்தி சொல்ல வந்த காவலர்களைப் பிடிக்க வந்தவர்கள் என்று நினைத்துப் பலர் குதித்து மாண்டதாகச் சொல்வது வாய்மொழி மரபு. பதுங்கி வாழ்ந்ததையும் குதித்ததையும் ஒரே மூச்சில் வரலாறாகச் சொல்வது சரியல்ல. அந்த நினைவுக்கு மதிப்பளித்துத்தான் யுனெஸ்கோ 2008-இல் மலையை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. கதையைவிடக் கசப்பான உண்மை ஒன்று உண்டு. அடிமை ஒழிப்புக்கு பிரிட்டிஷ் அரசு நஷ்டஈடு கொடுத்தது; உடைமையாளர்களுக்கு!

அந்தப் பணமும், வேலைக்கு ஆளில்லாத நிலையும் சேர்ந்துதான் இந்தியர்களை அழைத்தன. 1834 நவம்பர் 2-இல் 'அட்லஸ்' கப்பலில் முதலில் 36 பேர். 1920 வரை ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர். சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் போயின. அதற்கு நூறாண்டு முன்பே புதுச்சேரிப் பக்கத்திலிருந்து தமிழ்க் கொத்தர்களும் தச்சர்களும் பிரெஞ்சு ஆளுநர் லா பூர்தொனே காலத்தில் போர்ட் லூயி நகரைக் கட்டப் போயிருந்தார்கள். இன்று அங்கே தைப்பூசம் அரசு விடுமுறை. ரூபாய் நோட்டில் தமிழ் உண்டு. 1998-இல் வந்த புதிய நோட்டுகளில் தமிழை இந்திக்குப் பின்னால் தள்ளியதற்கு எழுந்த எதிர்ப்பில், அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். உங்கள் வழிகாட்டி, "நான் இந்து இல்லை, தமிழன்" என்று சொன்னால் திகைக்காதீர்கள். அங்கே பேச்சுவழக்கில் இந்து என்றால் பீகார் வழி வந்தவர். தமிழர் தனிக் கணக்கு. அவருடைய வீட்டுமொழி பெரும்பாலும் கிரியோலாக இருக்கும். தமிழில் பேச்சுக் கொடுத்துவிட்டு அவர் விழிப்பதைக் குறையாக எண்ண வேண்டாம்.

கூலிகள் கரையேறிய ஆப்ரவாசி காட் போர்ட் லூயியில் இருக்கிறது. அந்தப் பதினாறு கல்படிகள் தென்மேற்குச் சுற்றில் வராது. வடக்குச் சுற்றில் வண்டி காடன் கடைத்தெருவில் ஷாப்பிங்குக்கு நிற்கும்; அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் போதும். வண்டிக்காரரிடம் காலையிலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.