‘போ’ என்று யார் சொல்வது?

வைத்திக்குப்பத்தில் கரையில் நிற்கிறவர், அலைக்கு அப்பால் படகில் இருப்பவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் தொண்டையை நம்பமாட்டார். கைதான். இரண்டு பேருக்கும் முன்கூட்டியே தெரிந்த சங்கதி என்பதால் வேலை நடந்துவிடும். குதிரை மேல் உட்கார்ந்திருக்கிற, பேச்சு வராத ஒரு பையனுக்கும் இதே ஏற்பாடுதான் தேவைப்படுகிறது.

ஆரோவில் பக்கம் குதிரையில் போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அது சவாரி. நான் சொல்வது சிகிச்சைக் குதிரையேற்றம். (சிகிச்சை குதிரைக்கு இல்லை சார், ஏறுகிறவருக்கு!) குதிரை நடக்கும்போது மேலே இருப்பவரின் இடுப்பு, நாம் நடக்கும்போது அசைகிற மாதிரியே முன்பின்னாக, பக்கவாட்டில், மேலும் கீழும் அசைகிறது. நடக்க முடியாத உடம்புக்கு, நடை என்றால் என்னவென்று குதிரை சொல்லிக்கொடுக்கிறது. கயிற்றைப் பிடிக்க ஒருவர், இரண்டு பக்கமும் கூடவே நடக்க இருவர், பாடம் சொல்ல ஒருவர். ஆக, பையன் ஒருவன், ஆள் நாலு பேர்.

வில்லங்கமே அந்த நாலு பேர்தான். ‘நிமிர்ந்து உட்காருடா கண்ணா’ என்பார் ஒருத்தர். ‘முன்னாடி பாரு’ என்பார் இன்னொருத்தர். மூன்றாமவர் நேற்றைய மேட்ச் பற்றி. பையன் யார் பேச்சைக் கேட்பான்? அதனால் பாடம் சொல்கிறவர் மட்டும் பேச வேண்டும். பேசிவிட்டு மனசுக்குள் பத்து எண்ண வேண்டும். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்குக் காதில் விழுந்தது புரிந்தாலும், கைக்கு உத்தரவு போய்ச் சேர நேரமாகும். நாம் மூன்று எண்ணுவதற்குள் அவனுக்காக நாமே கயிற்றை இழுத்துவிடுவோம். புது கிளார்க் ஃபைலைப் பிரிப்பதற்குள் ‘கொடுப்பா இப்படி’ என்று பிடுங்குகிற ஹெட்கிளார்க் ரகம்.

காது கேளாதவர் விஷயம் இன்னும் நுட்பம். இரண்டு கையிலும் கடிவாள வார் இருந்தால் சைகையில் எப்படிப் பேசுவது? முதலில் குதிரையை நிறுத்தணும், அப்புறம்தான் பேச்சு. பாடம் சொல்கிறவர் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றால் முகம் இருட்டாகிவிடும், உதட்டைப் படிக்க முடியாது. முழங்காலில் ஒரு தட்டு என்றால் ‘நில்’ என்பதையெல்லாம் ஏறுவதற்கு முன்பே பேசிவைத்துக்கொள்ள வேண்டும்.

பார்வையற்றவர்களுக்குப் போட்டிகளிலேயே ஒரு வழி இருக்கிறது. மைதான ஓரத்தில் எழுத்துப் பலகைகள் இருக்குமல்லவா? ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் ஆள் நின்று அந்த எழுத்தைக் கூவுவார். இவர்களுக்கு ‘உயிருள்ள எழுத்துகள்’ என்றே பேர். தொல்காப்பியர் கேட்டால் சந்தோஷப்படுவார்.

குதிரையோடு பேசுவது தனி பாஷை. டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டல் 1944-ல் போலியோவில் முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர். குதிரைக்கு உத்தரவே காலால்தான். இவர் முதுகாலும் உடம்பின் எடையாலும் சொன்னார். ‘ஜூபிலி’ புரிந்துகொண்டது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம்!

பேச்சே வராதவருக்கு? சென்னையில் உருவான ‘ஆவாஸ்’ மாதிரி, படத்தைத் தொட்டால் பேசுகிற செயலிகள் வந்துவிட்டன. குதிரை மேல் அதெல்லாம் விழுந்து உடையும். ‘போ’, ‘நில்’ என்று இரண்டு அட்டை போதும். பிறந்ததிலிருந்து அவன் நாற்காலியை அடுத்தவர்தான், அடுத்தவருக்குத் தோன்றிய நேரத்தில் தள்ளியிருக்கிறார்கள். இங்கே அவன் தொட்டால்தான் அத்தனை பெரிய மிருகம் நகரணும். அதற்கு முன்னால் ஓர் அடிகூடக் கூடாது. ‘நில்’லைத் தொட்டால், ஜாலியாகத்தானே போய்க்கொண்டிருக்கிறது என்று நமக்குத் தோன்றினாலும் நிறுத்தியாக வேண்டும். ஏன் என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். கேட்டுவிட்டு, பத்து எண்ணணும்.