பெரியம்மாவின் பத்தியச் சீட்டு: சுகாதார அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சர் ஓங் யி காங் அவர்களுக்கு,

ஃபேரர் பார்க் ரயில் நிலையத்திலிருந்து பெருமாள் கோயிலைக் கடந்து ஓவன் ரோட்டுப் பக்கம் நடந்தால், எழுபத்து நான்கு வயதான என் பெரியம்மா குடியிருக்கும் வீவக வீடு வரும். அந்த நிலையத்தின் பெயரைத் தமிழிலும் எழுதி வைத்திருக்கும் அரசாங்கம், பெருங்குடலில் ரணசிகிச்சைக்குப் போகும் ஒரு தமிழ் மூதாட்டி அதற்கு முன்னால் என்ன உண்ணலாம், எதை விலக்க வேண்டும் என்பதையும் அவர் பாஷையில் சொல்லி அனுப்ப வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

ஐம்பது வயதைக் கடந்தோர் ஆண்டுதோறும் வீட்டிலேயே செய்துகொள்ளும் மலப் பரிசோதனையில் பெரியம்மாவுக்குக் கண்ணுக்குப் புலப்படாத ரத்தம் இருப்பது தெரிந்து, குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்க ஒரு மருத்துவமனையில் நாள் குறித்தபோது, கையில் ஓர் ஆங்கிலத் தாளைக் கொடுத்தார்கள். மூன்று நாள் நார்ச்சத்துக் குறைந்த ஆகாரம் என்று பேத்தி வாசித்துச் சொன்னாள். நார் என்றால் பெரியம்மாவுக்குப் பூத்தொடுக்கும் நார்தான். வயிற்றுக்கு இதமானது என்று அவர் முந்தின நாளும் முருங்கைக்கீரையும் பாசிப்பருப்புமாகவே சாப்பிட்டார். குழாயின் முனையில் கீரைத் துணுக்குகள் மறைக்க, சோதனை பாதியில் நின்றது. கீரை தின்னுங்கள் என்று ஆயுள் முழுவதும் உபதேசித்துவிட்டு, இந்த மூன்று நாள் மட்டும் அதுவே சத்துரு என்பதை எவரும் விளக்காதபோது, அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மறுமுறை பார்த்ததில் மலக்குடலில் கட்டி இருந்தது. அதை அகற்றும் ரணசிகிச்சைக்கு முன் ஒரு தமிழ்த் தாதி அரைமணி நேரம் அருகே அமர்ந்து, வெள்ளைச் சோறு, இடியாப்பம், முட்டை, அவித்த மீன் ஆகியவை ஆகும், சாம்பார், கொய்யா, எள், கேழ்வரகு ஆகா என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார். முந்தின நாள் வடிகட்டிய ரசமும் பாலில்லாத கோப்பி ஓவும் போதும் என்றும், லிட்டர் கணக்கில் நீரில் கரைத்துக் குடிக்கும் அந்தப் பேதித்தூள் உடம்பில் சேராமல் நீரைக் குடலிலேயே நிறுத்திக் கழுவிவிடும் என்றும், வெளியேறுவது கசடின்றித் தெளிந்த மஞ்சளானால் வேலை முடிந்தது என்றும் சொன்னார். ஏகாதசி விரதம் போலச் சொட்டு நீரும் பருகாமல் இருந்துவிட நினைத்த பெரியம்மாவிடம், மயக்க மருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை வெறும் நீர் அருந்தலாம் என்று டாக்டர் அனுமதித்திருப்பதையும் எடுத்துரைத்தார். டென்மார்க்கின் ஹென்ரிக் கெலெட் 1990-களில் வகுத்த வழியைப் பின்பற்றி, நோயாளியைப் பட்டினியில் வாட்டாமல் சீக்கிரம் எழுப்பி நடக்கவைக்கும் முறை உலகெங்கும் பரவியிருக்கிறது. அதில் பாதிப் பிரயாசை நோயாளியின் அடுக்களையில் நடப்பதல்லவா?

இன்னொன்றும் கண்டேன். மலம் கழிய வயிற்றில் தற்காலிகமாக வழி திறக்க நேரிட்டால் எந்த இடம் என்று குறிக்க, அந்தத் தாதி பெரியம்மாவை உட்காரவைத்து, நிற்கவைத்து, குனியச்சொல்லி, பாவாடை நாடா இறுகும் கோட்டை விரலால் தடவிப் பார்த்து, அதற்குக் கீழே சற்று விலகி மையால் ஒரு வட்டம் போட்டார். புடவை கட்டும் உடம்பை அறிந்த கை அது. வெட்கத்தில் முகம் திருப்பிக்கொண்டிருந்த பெரியம்மா அப்போதுதான் முதல் கேள்வி கேட்டார்: "கோயிலுக்குப் போகலாமாம்மா?"

2023 ஜூலையில் தாங்கள் தொடங்கிவைத்த ஹெல்தியர் எஸ்ஜி திட்டம், குடும்ப மருத்துவரை மக்களுக்கு நெருக்கமாக்கியது. அந்த நெருக்கம் ரணசிகிச்சையின் வாசல்வரை வரவேண்டும். ஒவ்வொரு பலதுறை மருந்தகத்திலும் மருத்துவமனையிலும் நம் பண்டங்களின் பெயரோடு தமிழ்ப் பத்தியச் சீட்டு கிடைக்கவும், முந்தின நாள் தமிழில் ஒரு தொலைபேசி அழைப்பு வரவும் தயைகூர்ந்து ஏற்பாடு செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வட்டாரத் தெருக்களை நிறைக்கும் நம் வெளிநாட்டு ஊழியர்களுக்கு, வாசித்துச் சொல்லப் பேத்தியும் இல்லை.

தாதி எழுதிய தாள் பெரியம்மா வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் இன்னும் ஒட்டியிருக்கிறது. அதன் நகலை இம்மடலுடன் இணைத்துள்ளேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஃபேரர் பார்க் வாசி ஒருவர்