சும்மா சேஃப்டிக்கு



ஐப்பசியும் கார்த்திகையும் வந்துவிட்டால், வீடு சந்திக்கச் செல்லும் போதகர் நம் பகுதியில் தலை குனிந்தே நடக்கப் பழகிக்கொள்ள வேண்டும். முடிச்சூரானாலும் சேலையூரானாலும், கூடத்தின் குறுக்கே கட்டிய கொடியில் ஈரத்துணி தொங்கிக்கொண்டிருக்கும். மூன்று நாள் மின்விசிறியின்கீழ் கிடந்தும் பள்ளிச் சீருடையின் இடுப்புப் பட்டை காய்ந்திராது. புதிய அடுக்ககங்கள் சிலவற்றில் பால்கனியில் துணி உலர்த்தக் கூடாது என்று சங்கத்தார் விதி வைத்திருக்கிறார்கள். ஆண்டில் எட்டு மாதம் வெயில் கொட்டும் ஊரில் இப்படியொரு விதி எதற்கென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அது வேறு கதை. ஆகவே நம் சபையாரில் சிலர் மின்சாரத்தால் துணி உலர்த்தும் இயந்திரத்தை வாங்கியிருக்கிறார்கள். குருமனையிலும் ஒன்று உண்டு. எங்கள் மகன் வாங்கி வைத்தது.

அட்வெந்து முதல் ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை மாலை அது நின்றுபோயிற்று. பாடகர் குழுவின் வெள்ளை அங்கிகளைத் துவைத்து, பாதியை உலர்த்தி எடுத்தாயிற்று. மீதியை உள்ளே போட்டுப் பொத்தானை அழுத்தினால் அசைவில்லை. முகப்பில் விளக்குகள் எரிந்தன, உருளை சுழலவில்லை, சிறு முனகல்கூட எழவில்லை. வெளியே மழை. அறிமுகமான ஒருவர் வழியாக ஒரு மெக்கானிக் வந்தார். பின்பக்கத் தகட்டைக் கழற்றி, கட்டைவிரல் அளவே உள்ள வெள்ளைப் பொருளொன்றை எடுத்துக் காட்டினார்.

"இதுதான் போயிடுச்சு ஐயா. ஸ்பேர் வர நாலு நாள் ஆகும். ஒரு வயரைப் போட்டு டைரக்ட் பண்ணிடறேன், இப்பவே ஓடும்."

சரி என்று சொல்ல நான் வாயைத் திறந்துவிட்டேன். மறைக்க விரும்பவில்லை, அங்கி காய்ந்தால் போதும் என்பதே அப்போது என் நினைவாயிருந்தது. என் துணைவியார்தான் குறுக்கிட்டார்.

"தம்பி, அதை எதுக்கு உள்ள வச்சிருக்காங்க?"

"அதுங்களாம்மா? சும்மா சேஃப்டிக்கு."

அந்த வார்த்தை என்னை விட்டு அகலவில்லை. அந்த இளைஞரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வேலை தெரிந்தவர், பழுதான பாகத்தைச் சரியாகவே கண்டுபிடித்தார். ஆனால் 'சும்மா' என்று அவர் சொன்னதை நம்மில் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டிருப்போம். அதைக் குறித்தே என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

அந்தச் சிறு பொருளின் பெயர் தெர்மல் ஃபியூஸ், அதாவது வெப்ப உருகி. உள்ளே வெப்பம் அளவு கடக்கும்போது அது அறுந்து மின்னோட்டத்தைத் துண்டிக்கும். ஒரே ஒருமுறைதான் வேலை செய்யும். அறுந்தபின் தானாகச் சேராது. சில இயந்திரங்களில் அது அறுந்தால் உருளை சுழலும், வெப்பம் மட்டும் வராது. எங்களுடையதைப் போன்ற வேறு சிலவற்றில் மோட்டாரே கிளம்பாது. எப்படியாயினும், அது அறுந்திருக்கிறது என்றால் உள்ளே எதுவோ மிதமிஞ்சிச் சூடாகியிருக்கிறது. காற்று வெளியேற வழியில்லாமை அதற்குப் பெரிய காரணம். குருமனையில் நடந்தது அதுவே. மழைநீர் உள்ளே வந்த நாளில் தரையைத் துடைப்பதற்காக இயந்திரத்தைச் சுவரோடு தள்ளினோம். பின்னாலுள்ள காற்றுப்போக்கிக் குழாய் நசுங்கிவிட்டது. அதனுள் பஞ்சுத்தூசி தலையணை உறைக்குள் பஞ்சு அடைத்ததுபோல் திணிந்திருந்தது. வயரைப் போட்டு ஓட்டியிருந்தால், அடைப்பு அப்படியே இருக்க, வெப்பம் ஏற ஏறத் தடுக்க ஒன்றுமில்லாத நிலையில் எங்கள் அங்கிகள் சுழன்றிருக்கும். பஞ்சுத்தூசியோ விளக்குத் திரியைப்போல் எளிதில் பற்றும்.

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் வெளியிட்ட கணக்கின்படி, அந்நாட்டு வீடுகளில் ஆண்டுக்குச் சுமார் 2,900 தீவிபத்துகள் துணி உலர்த்தும் இயந்திரங்களால் நேர்ந்தன. சுத்தம் செய்யாமல் விட்டதே அவற்றிற்கு முதற்காரணம். 2016 ஆகஸ்டில் இலண்டன் மாநகரின் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் 18 மாடிக் குடியிருப்பொன்று பற்றி எரிந்ததும் இத்தகைய இயந்திரத்தால்தான். அந்த வகை இயந்திரங்களில் பஞ்சுத்தூசி வெப்பக் கம்பிமேல் படக்கூடிய குறை உண்டென்று தயாரிப்பாளரே முந்தின ஆண்டு அறிவித்திருந்தார். ஆயினும், கவனித்துக்கொண்டே பயன்படுத்தலாம் என்று மக்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. உயிர்ச்சேதம் இல்லை என்பது ஆறுதல்.

இது வசதியுள்ள சிலருடைய வீட்டுக் கதை என்று எண்ணிவிட வேண்டாம். நம்மிடையே 'டிரையர்' என்றால் செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினில் துணியைப் பிழியும் சிறிய தொட்டி என்றே பொருள். அது வெப்பத்தால் உலர்த்துவதில்லை. வேகமாய்ச் சுழற்றி நீரை உதறுகிறது. 'டிரையர் சுத்தல ஐயா' என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் அதைத்தான் சொல்கிறார்கள். அதன் மூடியின்கீழும் ஒரு சுவிட்சு இருக்கிறது. மூடி திறந்திருந்தால் தொட்டி சுழலாது. சுழலும்போது திறந்தால் மின்சாரம் நின்று பிரேக் பிடிக்கும். அந்தச் சுவிட்சு பழுதானால் அதையும் 'டைரக்ட்' செய்துவிடுகிறார்கள்.

இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு வீட்டில் ஜெபித்து முடித்துக் காப்பிக்காகக் காத்திருந்தேன். பின்கட்டில் அந்தத் தொட்டி மூடி திறந்தபடியே சுழன்றுகொண்டிருந்தது. அந்த வீட்டுப் பேரனுக்கு நான்கு வயது. முக்காலியின்மேல் ஏறி நின்று, அது சுற்றுவதை ஆசையோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். நிமிடத்திற்கு ஆயிரம் சுற்றுக்கும் மேல் சுழலும் தொட்டியில் ஒரு துணியின் முனை விரலைச் சுற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. பிள்ளையைத் தூக்கி இறக்கிவிட்டுப் பாட்டியம்மாவிடம் கேட்டேன். "ஆறு மாசமா இப்படித்தான் ஓடுது ஐயா, ஒரு தொந்தரவும் இல்ல" என்றார்.

ஆறு மாதம் தொந்தரவு இல்லாதது அந்தக் கம்பியின் தகுதியால் அன்று.

உபாகமம் 22ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு கட்டளை உண்டு. புதுவீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் கட்ட வேண்டும். ஒருவன் அங்கிருந்து விழுந்து மாண்டால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வராதிருக்கும்படி. இறையியல் கல்லூரியில் படித்த நாட்களில் நான் இதைக் கவனியாமல் கடந்துபோயிருக்கிறேன். அக்காலத்து வீட்டு மாடி வெறும் கூரையாய் இருந்ததில்லை. மக்கள் அங்கே உறங்கினார்கள், பொருள்களை உலர்த்தினார்கள். ராகாப் தன் வீட்டின்மேல் சணல் தட்டைகளைப் பரப்பிவைத்திருந்தாள். நம் மொட்டைமாடியும் அவ்வாறே. துணியுண்டு, வற்றலுண்டு, காற்று வாங்கும் பிள்ளைகளுண்டு. அந்தக் கைப்பிடிச் சுவரை இடித்து அந்தச் செங்கல்லால் அடுப்புக் கட்ட நம்மில் யாரும் துணியமாட்டோம். மூடியின்கீழுள்ள சுவிட்சும் வெப்ப உருகியும் கைப்பிடிச் சுவர்களே. கண்ணில் படாதபடி தகட்டுக்குப் பின்னால் இருப்பதால் அவற்றை இடிக்கச் சம்மதித்துவிடுகிறோம்.

இயந்திரம் கிளம்பாதபோது முதலில் எதைப் பார்ப்பது என்று சிலர் கேட்டார்கள். நான் மின்பணியாளன் அல்லன். நம் சபையிலுள்ள ஒரு சகோதரர் கற்றுக்கொடுத்ததைச் சொல்கிறேன். முகப்பு விளக்கே எரியவில்லையானால் குற்றம் பெரும்பாலும் மின்சாரம் வரும் வழியில் இருக்கும். எம்.சி.பி. விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பிளக் பாயின்டில் வேறொரு கருவியைப் போட்டுப் பாருங்கள். இத்தகைய உலர்த்தி 2,000 வாட் அளவில் மின்சாரம் இழுக்கக்கூடியது. அதற்கு எர்த் இணைப்புள்ள 16 ஆம்பியர் பாயின்ட் தனியே வேண்டும். செல்பேசிக்கு வாங்கிய எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டினால் போர்டுதான் முதலில் உருகும். மின்கசிவைத் தடுக்கும் ஆர்.சி.சி.பி. திரும்பத் திரும்ப விழுந்தால், அதைப் பழித்து நீக்கச் சொல்லாதீர்கள். எங்கோ ஈரம் புகுந்து மின்சாரம் கசிகிறதென்றே அது சொல்கிறது.

விளக்கு எரிந்தும் உருளை சுழலவில்லையா? கதவைத் திறந்து, இடையில் சிக்கிய துணியை எடுத்துவிட்டு, 'டக்' என்ற ஓசை கேட்கும்படி மூடுங்கள். பிள்ளைகள் கை வைக்காதபடி வைத்த சைல்டு லாக் விழுந்திருக்கலாம். அதற்கான பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் நீங்கும். தண்ணீர்த் தொட்டியுள்ள வகையானால் தொட்டி நிறைந்திருக்கலாம். முனகல் கேட்டும் சுழலாவிட்டால் பெல்ட், மோட்டார், கெப்பாசிட்டர் ஆகியவற்றில் ஒன்று. அது நம் கைவேலை அன்று. ஓசையே இல்லாவிடில் கதவுச் சுவிட்சும் வெப்ப உருகியும் சந்தேகத்திற்குரியவை. பிளக்கைக் கழற்றியபின் மல்டிமீட்டரால் சோதித்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்தச் சோதனையைச் செய்யாமலே "போர்டு போயிடுச்சு, மாத்தணும்" என்று ஒருவர் சொல்வாரானால், சோதித்துக் காட்டும்படி கேட்க உங்களுக்கு உரிமையுண்டு.

உதிரிபாகம் கிடைக்காததே 'டைரக்ட்' வைத்தியத்திற்கு மூலகாரணம் என்பதையும் நான் மறுக்கவில்லை. சில நூறு ரூபாய்ப் பாகத்திற்கு வாரக்கணக்கில் அலைய வைத்தால் ஏழைக் குடும்பம் என்ன செய்யும்? பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசின் நுகர்வோர் துறை 2022 டிசம்பர் 24 அன்று ஓர் இணையதளம் தொடங்கியது. தயாரிப்பாளர்கள் உதிரிபாகம், விலை, உத்தரவாதம் முதலிய விவரங்களை அங்கே தர வேண்டும் என்பது நோக்கம். முறையீட்டுக்கு 1915 என்ற உதவி எண்ணும் உண்டு. நாம் கேட்காதவரையில் இவை காகிதத்தில்தான் இருக்கும்.

இன்னும் இரண்டு காரியங்கள். நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் ஊறிய தலையணை உறையையும் சமையலறைத் துணியையும் வெப்ப உலர்த்தியில் போடாதீர்கள். துவைத்தபின்னும் எண்ணெய் முற்றிலும் போவதில்லை. சூடான துணியைக் குவித்து வைத்தால் அது தானாகவே கனன்று பற்றக்கூடும். மற்றொன்று வெள்ளம். 2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பதிவானதை நாம் மறக்கவில்லை. வருதராஜபுரம், முடிச்சூர் வீடுகளில் நீரில் நின்ற இயந்திரங்களை, வெளியே காய்ந்துவிட்டது என்று எண்ணிச் சுவிட்சு போடுவது பெரும் ஆபத்து. திறந்து உலர்த்தி, மின்கசிவு இல்லையென்று சோதித்த பின்னரே தொட வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை மெக்கானிக்கை வெறுங்கையாய் அனுப்பவில்லை. வந்ததற்குரிய கூலியைக் கொடுத்துப் பாகத்தை வரவழைக்கச் சொன்னோம். மீந்த அங்கிகள் இரவு முழுவதும் ஆலயத்து மின்விசிறிகளின்கீழ்ப் பெஞ்சுகளில் விரிந்து கிடந்தன. காலையில் பாடகர் குழுவின் ஒரு பாதி காய்ந்த அங்கியோடும், மறுபாதி சற்றே ஈரவாடையோடும் பவனி வந்தது. ஐந்தாம் நாள் புது உருகி வந்தது. குழாயைச் சுத்தம் செய்து, இயந்திரத்தைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தபின் அதைப் பொருத்தினார்கள்.

வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பின் மேற்சொன்ன சகோதரர் மல்டிமீட்டருடன் ஆலய வளாகத்தில் இருப்பார். உங்கள் வீட்டில் எந்த இயந்திரமாவது 'டைரக்ட்' செய்யப்பட்டிருந்தால் அவரிடம் பெயரும் தெருவும் சொல்லுங்கள். யார் செய்தது என்று கேட்கமாட்டோம். பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு முதலில் வருவோம்.

உங்கள் ஆயர்