கரியல்ல, உரம்

முசௌரி மலையில் சுண்ணாம்புக்கல் குவாரிகள் பலவற்றை 1985இல் மூட வைத்தது உச்ச நீதிமன்றம். அந்தச் சுண்ணாம்புப் பாறைக்கு மேலே, மால்தேவ்தா பக்கம், கறுப்பாக ஒரு கல் உண்டு. பார்த்தால் நிலக்கரி. நைட்ரிக் அமிலம் கலந்த அம்மோனியம் மாலிப்டேட் கரைசலைச் சில சொட்டு விட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்: கல்லின் மேல் மஞ்சள் படியும். பாஸ்போரைட்! 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு கடலடியில் படிந்த பாஸ்பேட். மினுமினுப்பு கிடையாது, கண்ணாடிப் பெட்டியில் வைக்க யாரும் ஆசைப்பட மாட்டார்கள்.

மதிப்பெல்லாம் அதன் பொடிக்குத்தான். அதிலும் ஒரு வேடிக்கை. அமில மண்ணில்தான் இந்தப் பொடி கரைந்து பயிருக்குச் சேரும். மலையடிவாரத்துக்கு அப்பால் கங்கைச் சமவெளியின் கார மண்ணில் போட்டால் பெரும்பாலும் கல்லாகவே கிடக்கும். எனவே கோதுமை விவசாயியைத் தாண்டி, 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால் கேரளத்து ரப்பர் மரங்களுக்குப் போனது 'முசௌரி பாஸ்'.