'நாங்களா, அவனா' என்று கேட்காதீர்கள்

பிள்ளை பெற்றவர்களே, மகள் ஒருவனை விரும்புகிறாள் என்று தெரிந்ததும் நம் வாயில் முதலில் வருவது, "நாங்க வேணுமா, அவன் வேணுமா?" என்பதுதான். பிறகு, காதலுக்காகச் சொந்தபந்தத்தையே உதறிவிட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லி அழுகிறோம். அவள் இரண்டையும்தானே கேட்டாள்? ஒன்றுதான் என்று கறாராகச் சொன்னவர்கள் நாம்.

போனைப் பிடுங்குகிறோம். "மருந்தைக் குடிச்சிடுவேன்" என்று மிரட்டுகிறோம். அவசர அவசரமாக மாமன் மகனுக்குப் பேசி முடிக்கிறோம். துணைக்குப் போன தோழியின் வீட்டு வாசலில் நின்று ஏசுகிறோம். மீறிப் போனால் தலைமுழுகுகிறோம். உயிரோடு இருக்கும் மகளுக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டிய பெற்றோரும் நம்மிடையே இருக்கிறார்கள். பெற்ற மனம் அதற்கு எப்படித் துணிகிறது? 2016இல் உடுமலைப்பேட்டையில் சாதி மாறிக் கல்யாணம் செய்த இளைஞனைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றதை நாடே கேமராப் பதிவில் பார்த்தது. அந்த வன்மம் தெருவில் பிறந்ததல்ல. சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகள் காதுபட நாம் பேசும் பேச்சில் பிறக்கிறது.

ஐங்குறுநூற்றில் ஒரு தாய் வருகிறாள். மகள் காதலனோடு போய்விட்டாள். கல்யாணத்துக்கு முன் மகளின் காற்சிலம்பைக் கழற்றும் சிலம்பு கழிக்கும் சடங்கை அவன் வீட்டில் செய்தாலும் செய்யட்டும், கல்யாணத்தையாவது நம் வீட்டில் நடத்தலாமே என்று அவனைப் பெற்றவளிடம் சொன்னால் என்ன என்று ஏங்குகிறாள். அவளுக்குக் கோபம் இருந்திருக்காதா? இருந்தும் அவள் கேட்டது கல்யாணத்தில் தனக்கொரு இடம்.

நமக்கும் அந்த இடம் இருக்கிறது. சுயமரியாதைத் திருமணத்துக்கான 1967ஆம் ஆண்டுச் சட்டம், உறவினர், நண்பர்கள் அல்லது பிறர் முன்னிலையில் மணம் முடிக்கலாம் என்கிறது. உறவினர்தான் முதலில். நாம் போகாததால் பிள்ளைகள் முன்பின் தெரியாதவர்கள் நடுவே மாலை மாற்றிக்கொள்கிறார்கள். வயது வந்த இருவர் சம்மதித்தால் குடும்பத்தின் ஒப்புதல் தேவையில்லை என்று 2018இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. தடுக்கும் உரிமை நமக்கு இல்லை. கூட நிற்பதா, கைவிடுவதா என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

"அவன் சரியில்லையே" என்பீர்கள். இருக்கலாம். எல்லாக் காதலும் நல்ல காதல் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கெட்டவன் முதலில் செய்வதே அவளை அம்மாவிடமிருந்தும் தோழிகளிடமிருந்தும் பிரிப்பதுதான். அந்த வேலையை நாமே அவனுக்கு முடித்துக் கொடுத்துவிட்டால், அடிபட்ட ராத்திரியில் அவள் யாருக்குப் போன் செய்வாள்?

அவனை வீட்டுக்குச் சாப்பிட வரச்சொல்லுங்கள். வேலை, கடன், குடி, அவன் வீட்டாரின் எண்ணம் எல்லாவற்றையும் நேராகக் கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால் காரணத்தை மகளிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். சாதி ஒரு காரணமே ஆகாது. அதன்பிறகும் அவன்தான் என்றால் பதிவு அலுவலகத்துக்கு நீங்களும் கிளம்புங்கள். சிறப்புத் திருமணச் சட்டப்படி மூன்று சாட்சிகள் வேண்டும். அதில் இரண்டு கையெழுத்து அப்பாவும் அம்மாவும் போட்டதாக இருக்கட்டும்.