பதினாறும் பெற்றும் பறக்காத விமானம்

இலக்கியம் பேசக் கூடியிருக்கும் இடத்தில் கணிப்பொறியின் பிராசசரைப் பற்றி எழுதுவதா என்று சில நண்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். அண்மையில் ஒரு கூட்டம் முடிந்து தேநீர்க்கடையில் நின்றிருந்தபோது இந்தப் பேச்சு வந்தது. கவிதை எழுதும் நண்பர் ஒருவர், "அதெல்லாம் கடைக்காரன் பாடு சார், நமக்கெதுக்கு?" என்றார். அந்த "நமக்கெதுக்கு"தான் என்னை எழுத வைக்கிறது. அதே சொல்லை நானும் சொல்லிக்கொண்டிருந்தவன். அதனால் என் தங்கையின் சங்கிலி இரண்டு ஆண்டுகள் அடகுக்கடையில் கிடந்தது.

தங்கை கணவரை இழந்தவள். அவள் மகன் பொறியியல் படிக்கிறான். நினைவு தெரிந்த நாளிலிருந்து அவனுக்கு விமானி ஆகும் ஆசை. உரிமம் பெறுவதற்கான பயிற்சிக்குப் பல லட்சங்கள் வேண்டும். எங்கள் குடும்பத்தில் அது நடக்காது. வீட்டிலாவது ஓட்டிப் பழகட்டும் என்று 2023இல் அவள் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். படித்தவன் என்பதால் துணைக்குப் போனவன் நான். கடைக்காரர் ஒரு பெட்டியைத் தூக்கிக் காட்டி, "பதினாறு கோர் சார், பத்து வருஷத்துக்குக் கவலையே இல்லை" என்றார். பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்று திருமண வீடுகளில் வாழ்த்திப் பழகிய எனக்கு அந்த எண்ணே போதுமானதாக இருந்தது. தலையாட்டினேன்.

வேங்கிக்கால் வீட்டில் அவன் முதலில் வட்டமடித்தது அண்ணாமலையைத்தான். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரின் 2020ஆம் ஆண்டுப் பதிப்பு செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு உலகை எழுப்பியிருக்கிறது. மலையும் கிரிவலப் பாதையும் எங்கள் ஏரியும் திரையில் தெரிந்தன. சிறிய விமானத்தில் குறை ஒன்றுமில்லை. பயணிகள் விமானம் ஒன்றை மீனம்பாக்கத்தில் இறக்க முயன்றபோதுதான் வண்டவாளம் தெரிந்தது. நொடிக்கு இருபது சட்டகங்களுக்கும் கீழே விழுந்து, ஓடுதளம் கண்ணெதிரே விக்கி விக்கி வந்தது. பிராசசரின் வேலைக்கணக்கைத் திறந்து பார்த்த பையன், "மாமா, ஒருத்தன் மட்டும் மூச்சிரைக்க ஓடுறான், முக்கால்வாசிப் பேர் சும்மா உக்காந்திருக்காங்க" என்றான்.

ஏன் என்று தேடிப் படித்தேன். நாற்பது வயதுக்கு மேல் தமிழாசிரியன் ஒருவன் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய விஷயம்தான் இது.

நொடிக்கு முப்பது சட்டகங்கள் வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 33 மில்லி நொடி. அதற்குள் இறக்கையின் மீது காற்றின் விசை, கருவிகளின் நிலை, சுற்றிப் பறக்கும் விமானங்கள் எல்லாவற்றையும் கணக்கிட்டு, எதை வரைய வேண்டும் என்று கிராஃபிக்ஸ் அட்டைக்கு ஆணையும் அனுப்ப வேண்டும். இவற்றில் பெரும்பகுதி ஒன்றன் விடையைப் பார்த்து மற்றொன்று தொடங்கும் வேலை. எனவே 'முதன்மை இழை' எனப்படும் ஒரே வரிசையில்தான் அது நடக்கிறது. ஜீன் ஆம்டால் 1967லேயே இதற்குக் கணக்குச் சொன்னார்: ஒரு வேலையில் பத்தில் நான்கு பங்கு பிரிக்க முடியாதது என்றால், ஆயிரம் பேரை அமர்த்தினாலும் வேகம் இரண்டரை மடங்கைத் தாண்டாது. தீபத் திருவிழாத் தேரை ஆயிரம் பேர் இழுக்கலாம். கருவறையில் தீபாராதனை காட்ட ஒரு குருக்கள்தான்.

அந்தக் குருக்களும் கற்பூரத்துக்கு ஒருமுறை, பூவுக்கு ஒருமுறை என்று வெளிப்பிராகாரத்துக்கு ஓடினால் என்ன ஆகும்? பிராசசருக்கு வெளியே உள்ள முதன்மை நினைவகத்திலிருந்து ஒரு தரவு வருவதற்குள் நூற்றுக்கணக்கான கடிகாரத் துடிப்புகள் வீணாகின்றன. கைக்கெட்டும் தட்டாக உள்ளே இருப்பது கேஷ் நினைவகம். விமானப் பாவனையில் புழங்கும் தரவு ஏராளம், சிதறலானது. தட்டு பெரிதாக இருந்தால் ஓட்டம் மிச்சம்.

இது வெறும் உவமை அல்ல. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7 5800எக்ஸ், 2022 ஏப்ரலில் வந்த 5800எக்ஸ்3டி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் எட்டு கோர். உச்ச வேகம் முன்னதில் 4.7 கிகாஹெர்ட்ஸ், பின்னதில் 4.5 மட்டுமே. ஆனால் மூன்றாம் நிலை கேஷ் 32 மெகாபைட்டிலிருந்து 96க்கு உயர்ந்தது. வேகம் குறைந்த அந்தப் பின்னதுதான் விமானப் பாவனையில் முன்னதைத் தெளிவாக முந்தியது. 2023இல் வந்த 7950எக்ஸ்3டி இன்னும் பாடம் சொல்லும்: பதினாறு கோர்களில் எட்டுக்குத்தான் அந்தக் கூடுதல் கேஷ் உண்டு. அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சாகும் எண் எதையும் சொல்லிவிடுவதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

பதினாறு கோர் வீண் என்று நான் சொல்லவில்லை. காணொளி தொகுப்பவருக்கும் முப்பரிமாணப் படம் உருவாக்குபவருக்கும் அது வரம். மிக உயர்ந்த தெளிவில் திரை வைத்திருப்பவருக்குப் பெரும்பாலும் இடிப்பது கிராஃபிக்ஸ் அட்டை, பிராசசர் அல்ல. எது இடிக்கிறது என்பதை அந்த மென்பொருளே, மேம்படுத்துநர் நிலையைத் திறந்தால், திரையின் ஓரத்தில் எழுதிக் காட்டுகிறது. வள்ளுவர் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் வைத்தார். வேலை இன்னதென்று அறிந்து ஆளைத் தேர்வு செய் என்பதை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்கிவிட்டு, கடையில் நின்றபோது ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை நான்.

"விளையாட்டுக்கு இத்தனை ஆராய்ச்சியா?" என்போருக்கும் ஒரு சொல். எட்வின் லிங்க் என்பவர் 1929இல் உருவாக்கிய பாவனைப் பெட்டியை விலை கொடுத்து வாங்கிய முதற்கட்ட வாடிக்கையாளர்கள் பொழுதுபோக்குப் பூங்காக்களே. அதே பெட்டியில்தான் இரண்டாம் உலகப்போரின் விமானிகள் பயின்றார்கள். வீட்டில் பறக்கும் மணிகள் உரிமத்துக்குக் கணக்காகா என்பது என் மருமகனுக்கும் தெரியும். அது அவனுக்குக் கிடைத்திருக்கும் ஒரே வானம்; அதை விக்கலில்லாமல் கொடுக்கக்கூடாதா?

கடைக்காரர் மீது எனக்குக் கோபமில்லை. விற்பது அவர் தொழில். என் கோபம் நம்மைப் போன்ற, படிக்கத் தெரிந்தவர்கள் மீது. ஒரு வரிக்கு மூன்று உரையாசிரியர்களை ஒப்பிடும் நாம், அடகுப் பணத்தில் வாங்கும் பொருளின் விவரத்தாளை ஒருமுறை படிப்பதை இழிவாகக் கருதுகிறோம். 'செயலி' என்ற நல்ல சொல்கூடக் கைப்பேசிக்குள் போய்விட்டது. இந்தப் பொருளைத் தமிழில் எழுதாமல் விட்ட குற்றம் யாருடையது? நாம் எழுதாத இடத்தில் விளம்பரம்தான் எழுதும்.

பழையதைப் பாதி விலைக்கு விற்று, அதே மதர்போர்டில் பொருந்திய 5800எக்ஸ்3டியை வாங்கிப் பொருத்தினோம். மீனம்பாக்கத்தில் விமானம் இப்போது முப்பதுக்குக் குறையாமல் இறங்குகிறது. அந்த இழப்பையும் சேர்த்து அடைத்துச் சங்கிலியை மீட்க 2025 ஆயிற்று. அடுத்தமுறை யாரேனும் உங்களைக் கடைக்குத் துணைக்கு அழைத்தால் போங்கள் நண்பர்களே. போய், எத்தனை கோர் என்று கேட்பதற்கு முன் எந்த வேலைக்கு என்று கேளுங்கள்.